தூத்துக்குடிக் கடற்கரைக் காற்றுவளம்

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் பாய்மரத் தோணி, முத்துக்குளிப்பு, உப்பளம், காற்றாலை ஆகிய தொழில்களைத் தாங்கிய இயற்கை வளம் காற்று. 1970-களிலிருந்து உரம், அனல்மின், செம்பு ஆலைகளும் தங்கள் புகையை இதே காற்றில்தான் விட்டன. தூத்துக்குடியின் அண்மைக்கால வரலாற்றில் பெரும் பகுதி, இவ்விரு பயன்பாடுகளுக்கும் இடையே எழுந்த மோதலைச் சுற்றியது.

காற்றின் இயல்பு

தூத்துக்குடி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய்கள் வழியாக வறண்ட காற்றாக இங்கே வந்து வீசுகிறது. கடல்புறத்தார் இதைக் கச்சான் என்பர். ஐப்பசி முதல் வாடை வீசும். ஆண்டின் மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே, பங்குனி, சித்திரையில் கடல் அடங்கிக் கிடக்கும். நாள்தோறும் பகலில் கடற்காற்று ஊரை நோக்கியும், இரவில் நிலக்காற்று கடலை நோக்கியும் வீசும். காற்று ஓய்ந்த இரவிலும் விடியலிலும் புகை கலையாமல் தரையை ஒட்டித் தேங்க வாய்ப்பு அதிகம்.

பாய்மரம், முத்து, உப்பு

கொழும்புக்கு உப்பும் வெங்காயமும் ஏற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாய் விரித்தே ஓடின. வாடைக்கு ஒரு போக்கு, கச்சானுக்கு ஒரு போக்கு என்று பயணக் கணக்கைக் காற்றே வகுத்தது.

முத்துக்குளிப்புக்கு மாறாகக் காற்று அடங்கியிருக்க வேண்டும். அலை தணிந்து நீர் தெளியும் பங்குனி, சித்திரையில்தான் படகுகள் சிப்பிகள் வாழும் கடலடிப் பார்களுக்குப் புறப்படும். பரதவர் உள்ளிட்ட குளியாளிகள் கல்லின் பாரத்தில் இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி அள்ளுவர். எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்த பின் கழுவி முத்தைப் பிரிப்பது பழைய முறை. அதனால் எழும் நாற்றமும் மொய்க்கும் ஈயும் குளிப்புக் காலத்தின் தீராத தொல்லைகள். இக்கரை அறிந்த பழைய காற்றுக்கேடு என அதைச் சொல்லலாம். ஆனால் அது சில வாரங்களில் தீர்ந்துவிடும். 1955 முதல் 1961 வரை நடந்ததே இங்கு கடைசியாகத் தொடர்ந்து நடந்த குளிப்பு.

உப்பளத்துக்கு வெயில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். பாத்தி நீரின் மேல் நிற்கும் ஈரக்காற்றை வறண்ட காற்று தள்ளிக்கொண்டு போனால்தான் நீர் விரைந்து ஆவியாகும். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடியில் விளைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புகையின் வருகை

1876-இல் ரயிலும், 1888-இல் ஹார்வி நூற்பாலையும், 1906-இல் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனமும் வந்தன. நீராவியோடு நிலக்கரிப் புகையும் வந்தது. ஆனால் அளவு சிறியது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் நிலை மாறியது. ஸ்பிக் உர ஆலை எழுந்தது. 1979-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் அது 210 மெகாவாட் அலகுகள் ஐந்தாக வளர்ந்தது. கப்பலில் வரும் நிலக்கரியை இறக்கும்போதும் குவிக்கும்போதும் தூசி பறக்கும். எரித்த பின் சாம்பல் மிஞ்சும். உப்பு வெண்மைக்கு விலை போகும் சரக்கு என்பதால், கரித்தூசி படிந்தால் அது உப்பளத்தாருக்கு நேரடி இழப்பு.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்ட ஸ்டெர்லைட் செம்பு ஆலைக்கு 1994-இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. செம்புத் தாதுவில் கந்தகம் கலந்திருக்கும். உருக்கும்போது அது கந்தக டைஆக்சைடாகும். ஆலை அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கும். பிடிபடாமல் தப்புவது ஊர்க்காற்றில் கலக்கும்.

உடலில் விளைவுகள்

கந்தக டைஆக்சைடு நீரில் எளிதில் கரைவதால் மூக்கு, தொண்டையின் ஈரத்திலேயே அமிலமாகி எரிச்சலூட்டும். ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிடங்களில் மூச்சுக்குழல் சுருங்கும். பயிரில் இலை வெளுத்துக் கருகும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள் நுரையீரலின் ஆழம்வரை சென்று, இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பையும் கூட்டுகிறது. இத்துகளுக்கு இந்தியா விதித்துள்ள ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 5.

சட்டமும் போராட்டமும்

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் இயற்றப்பட்டது. மாசற்ற காற்று வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியது. ஸ்டெர்லைட் ஆலையை மூட 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2013 மார்ச் 23 காலையில் ஊரில் பலருக்குக் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடியது. சில நாள்களில், ஏப்ரல் 2 அன்று, பழைய வழக்கில் உச்ச நீதிமன்றம் மூடல் ஆணையை நீக்கி 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு ஆலை மீண்டும் இயங்கியது.

ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து 2018-இல் அ.குமரெட்டியாபுரம் கிராமத்தில் தொடங்கிய போராட்டத்தின் நூறாம் நாளான மே 22 அன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. 13 பேர் இறந்தனர். மே 28-இல் ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. அதை 2020-இல் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தன. இடையில் 2021-இல், கொரோனா இரண்டாம் அலையின்போது, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் பிரிவை மட்டும் சில மாதங்கள் இயக்க அனுமதி கிடைத்தது.

இன்றைய நிலை

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் முதல் பட்டியலில் இருந்த 102 நகரங்களில், தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது தூத்துக்குடி மட்டுமே. செம்பு ஆலை மூடியபின்னும் அனல்மின், நிலக்கரிப் போக்குவரத்து, சரக்கு லாரி, சாலைத் தூசி ஆகிய மூலங்கள் எஞ்சியுள்ளன.

மறுபுறம், 1986-இல் ரத்னகிரி, குஜராத்தின் ஓகாவோடு அன்றைய திருநெல்வேலி மாவட்டக் கடலோரத்திலும் 55 கிலோவாட் காற்றாலைகள் சோதனையாக நிறுவப்பட்டன. இன்று தூத்துக்குடியின் வ.உ.சி. துறைமுகம் காற்றாலை இறகுகளைக் கையாளும் முக்கியத் துறைமுகம். தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலை அமைப்பதற்கான நிதியுதவிக்கு 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிலக்கரியும் காற்றாலை இறகும் ஒரே துறைமுகத்தில் கையாளப்படுகின்றன. இவற்றில் எதன் பங்கு கூடுகிறது என்பதைப் பொறுத்தே இக்கரைக் காற்றின் தரம் அமையும்.