மின்மினிச் சூழலமைப்பு, கோலசிலாங்கூர்

மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், கம்போங் குவாந்தான் சுற்றுவட்டாரக் கரைகளில் அமைந்த மின்மினி வாழிடம். உயிருள்ளவையும் உயிரற்றவையும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் தொகுதியே சூழலமைப்பு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உயிரினங்கள்: இங்குள்ள முதன்மை இனம் டெரோப்டிக்ஸ் டெனர். இரவில் ஆண் மின்மினிகள் பெரெம்பாங் மரத்தின் இலைகளில் அமர்ந்து, பெண் மின்மினிகளைக் கவர ஒரே தாளத்தில் ஒளிர்கின்றன. புழுப்பருவமோ மரத்தில் கழிவதில்லை. கரையோர ஈரநிலத்தில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆகவே மரத்தை மட்டும் காத்தால் போதாது. நிலமும் நத்தையும் நிலைக்க வேண்டும்.

உயிரற்ற காரணிகள்: பெரெம்பாங், உப்பு குறைந்த கழிமுக நீரில் செழிக்கும் கண்டல் மரம். மேலாற்றிலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் கடல்நீர் உள்ளேறி, உப்பின் அளவு மாறும். கோல குபு பாரு அருகில் சிலாங்கூர் ஆற்று அணை கட்டப்பட்டபோது இந்தக் கவலையே எழுந்தது.

மனிதத் தாக்கம்: செம்பனைத் தோட்டங்களுக்காகக் கரை வெட்டப்பட்டால் மண் அரிக்கும், புழுக்களின் வாழிடம் சுருங்கும். பூச்சிக்கொல்லி கலந்த வடிநீர் உணவுச்சங்கிலியைப் பாதிக்கக்கூடும். செயற்கை வெளிச்சம் இணைதேடலைக் குலைக்கிறது.

பார்வையாளர்கள் இரவில் படகில் வந்து மின்மினிகளைக் காண்கின்றனர்.