ஈரலைக் குத்தாமல் அளந்த கதை

மஞ்சள் காமாலைன்னா கீழாநெல்லி. எங்க தம்மம்பட்டியில ஈரல் பத்தின பேச்சு அதோட முடிஞ்சுடும். கண்ணு மஞ்சளாகிற வரைக்கும் உள்ளே ஈரல்னு ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் ஞாபகம் வராது. சிக்கலே அதுதான். வைரஸ், குடி, கொழுப்பு எதுனாலயாவது ஈரல் வருஷக்கணக்கா புண்பட்டு ஆறி, ஆறின இடமெல்லாம் நார்த்தழும்பாகும். இதுதான் ஃபைப்ரோசிஸ். முத்தினா சிரோசிஸ். பெரும்பாலும் வலியே இருக்காது.

எவ்வளவு தழும்புன்னு பார்க்க ரொம்ப காலம் ஒரே வழிதான்: விலாவுக்கு நடுவுல ஊசியை விட்டு துளி சதையை எடுக்கிறது. 1883-ல ஜெர்மனியில பால் எர்லிக் ஆரம்பிச்சு வச்சார். 1958-ல இத்தாலியின் மெங்கினி, ஊசி ஈரலுக்குள்ள இருக்கிற நேரத்தை ஒரே நொடியா குறைச்சார். அப்பவும் ரத்தக்கசிவு பயம் போகல. அதைவிட, எடுக்கிற துணுக்கு மொத்த ஈரல்ல ஐம்பதாயிரத்துல ஒரு பங்குதான். ஒரு பருக்கை பதமெல்லாம் இங்க செல்லாது. தழும்பு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பரவுறதில்லையே.

மாற்று வழி ரெண்டு பக்கமா வந்துச்சு. பாரிஸ்ல லோரான் சாந்த்ரான் குழு ஃபைப்ரோஸ்கேன் பண்ணினாங்க (2003). விலாமேல ஒரு சின்ன அதிர்வைத் தட்டிவிட்டா, கெட்டியான ஈரல்ல அது வேகமா ஓடும். வேகத்தை வச்சு இறுக்கத்தைக் கணக்குப் போட்டுடலாம். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குற அறிவுதான், கொஞ்சம் காஸ்ட்லியா :)

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. அதே 2003-ல மிச்சிகன்ல அன்னா லோக் குழு ஆப்ரி (ஏபிஆர்ஐ) கணக்கைச் சொன்னாங்க. 2006-ல ரிச்சர்ட் ஸ்டெர்லிங் குழு ஃபிப்-4. வயசை ஏஎஸ்டியால பெருக்கி, தட்டணு எண்ணிக்கை, ஏஎல்டியோட வர்க்கமூலம் ரெண்டோட பெருக்கலால வகுக்கணும். அவ்வளவுதான், ஒரு வரி கோடு! வயசு 52, ஏஎஸ்டி 64, ஏஎல்டி 49, தட்டணு 160 (ஆயிரத்துல) வச்சுக்குங்க. 3328-ஐ 1120-ஆல வகுத்தா 2.97. 1.45-க்குக் கீழேன்னா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி. 3.25-க்கு மேலன்னா சந்தேகம் பலம். நம்ம ஆள் நடுவுல மாட்டிக்கிட்டார். ஸ்கேன் பார்த்துதான் ஆகணும்.

தட்டணு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்பீங்க. ஈரல் இறுகினா ரத்தம் உள்ளே போக முடியாம மண்ணீரல்ல தேங்கும். அது வீங்கி தட்டணுக்களைப் பிடிச்சு வச்சுக்கும். தட்டணுவை உற்பத்தி பண்ணச் சொல்ற ஹார்மோனும் ஈரல்ல இருந்துதான் முக்கியமா வருது, அதுவும் குறையும். அதனால டெங்கு வந்த நேரத்துல இந்தக் கணக்கைப் போட்டுப் பயந்துடாதீங்க மக்களே. டெங்குலயும் தட்டணு இறங்கும், ஏஎஸ்டி ஏறும்.

2015-ல உலக சுகாதார நிறுவனம், வசதி கம்மியான இடங்கள்ல பி வைரஸ்காரங்களுக்கு ஆப்ரியே போதும்னு பரிந்துரைச்சது. 2018 ஜூலை 28-ல நம்ம மத்திய அரசு ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துலயும், சி வைரஸ்காரங்களுக்கு சிரோசிஸ் இருக்கா, எந்த மாத்திரைன்னு முடிவு பண்ண இந்த ரெண்டு கணக்கும் வந்தாச்சு. சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டுல இருக்கிற எண்களே போதும். ஆத்தூர் தாண்டி சேலத்துக்கு பஸ் ஏறணுமா வேண்டாமான்னு அந்தச் சீட்டை வச்சே டாக்டர் சொல்லிடலாம்.