மின்வெட்டும் டிபேஸ் கணக்கும்

1990-களில் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் நான் பார்த்த சிறு அலுவலகங்களில் கணக்கு டிபேஸ் 3 பிளஸ்ஸில்தான். தனி சர்வர் கிடையாது. எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்.

மேற்கு தாம்பரத்தில் ஒரு சீட்டுக் கம்பெனி. ஒரு மாலை கரண்ட் போய் வந்ததும் திரையில் "ரெக்கார்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்றது. கோப்பின் தலைப்பகுதியில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை இருக்கும். கோப்பை ஒழுங்காக மூடினால்தான் அது திருந்தும். இன்டெக்ஸில் புதுப் பதிவு, தலைப்பில் பழைய எண்ணிக்கை! உடனே எல்லோரும் 'ரீஇன்டெக்ஸ்' கொடுப்பார்கள். பிழைச் செய்தி போய்விடும். அன்று பணம் கட்டியவர்களின் பதிவும் கண்ணில் படாது. அதன்மேலேயே அடுத்த பதிவு எழுதப்படும். அங்கே ரசீதுப் புத்தகம் இருந்ததோ, கட்டியவர்கள் பிழைத்தார்களோ!

அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட எஸ்க்யூலைட்டுக்கும் சர்வர் கிடையாது. ஆனால் 2001-ல் வந்த இரண்டாம் பதிப்பு, எதையும் மாற்றும் முன் பழையதை 'ஜர்னல்' என்ற தனிக் கோப்பில் எழுதி வைத்தது. பாதியில் கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கும்போது அதைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நம் ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பதும் எஸ்க்யூலைட்தான். கோளாறு வந்த கோப்பைச் சரிசெய்கிறேன் என்று அந்த ஜர்னலைக் குப்பையாக நினைத்து அழிப்பவர்களும் உண்டு. அழித்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை.