தமா குன்றுகளும் ஒரு சித்திரப் படமும்



சித்திரப் படம் என்றதும் பூனை எலியைத் துரத்தும் வேடிக்கைதான் நம் நினைவுக்கு வரும். பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் ஒரு நாட்டின் முப்பது ஆண்டு வரலாற்றைச் சொல்லும் சித்திரப் படமும் உண்டு. 1994ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'பொம்பொக்கோ' என்னும் படம் அத்தகையது. குன்றுகளை வெட்டி மனிதர் வீடு கட்டியபோது, அங்கு வாழ்ந்த பிராணிகள் என்ன ஆயின என்பதே அதன் கதை. கதை கற்பனை, குன்றுகளோ உண்மை. ஆகவே உண்மையை முதலில் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரில் தோக்கியோ மாநகரின் பெரும்பகுதி குண்டுவீச்சில் எரிந்துபோனது. போருக்குப் பின் ஜப்பான் தலைநிமிர்ந்தபோது, நாட்டுப்புற மக்கள் வேலை தேடித் தலைநகருக்குத் திரண்டு வந்தார்கள். 1962ஆம் ஆண்டில் தோக்கியோவின் மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டியது. வீடு கிடைக்கவில்லை, நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. 1963இல் புதிய குடியிருப்புகள் அமைப்பதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1965இல் நகருக்கு மேற்கே உள்ள தமா குன்றுகளில், ஏறத்தாழ 7,000 ஏக்கர் நிலத்தில், மூன்று இலட்சம் மக்களுக்கான புதுநகர்த் திட்டம் முடிவாயிற்று. 1971ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் குடும்பங்கள் அங்குக் குடியேறின.

அந்தக் குன்றுகள் எப்படிப்பட்டவை? மனிதர் கால்படாத அடர்ந்த காடு என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளத்தாக்கில் நெல்வயல், சரிவில் கருவாலி முதலிய மரங்கள் நிறைந்த தோப்பு. உழவர்கள் விறகுக்கும் கரிக்கும் மரம் வெட்டுவார்கள். வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்க்கும். உதிர்ந்த சருகைக் கூட்டி எடுத்து வயலுக்கு உரமாக்குவார்கள். இத்தகைய நிலத்தை ஜப்பானியர் 'சாத்தோயாமா' என்பர். அங்கே மனிதனும் பிழைத்தான். முயலும் நரியும் பிழைத்தன. பிறகு புல்டோசர்கள் வந்து, குன்றின் தலையைச் சீவிப் பள்ளத்தாக்கை நிரப்பின. உழவர்களின் நிலமும் போயிற்று, பிராணிகளின் இருப்பிடமும் போயிற்று.

படத்தின் நாயகர்கள் 'தனுக்கி' என்னும் பிராணிகள். நாய் இனத்தைச் சேர்ந்த தனுக்கி, நம் தோட்டத்து மூசாங்கைப் போல இரவில் உலவிப் பழமும் பூச்சியும் தின்னும். கண்ணைச் சுற்றிக் கறுப்பாக இருக்கும். அது நினைத்த உருவம் எடுக்கும் என்பது ஜப்பானிய மக்களின் பழைய நம்பிக்கை. தன் வயிற்றையே முரசாகக் கொட்டும் என்றும் கூறுவர். அந்த முரசொலிதான் படத்தின் பெயர்.

ஜிப்ளி நிறுவனத்துக்காக இசாவோ தக்காஹாத்தா இப்படத்தை இயக்கினார். இரை குறையவே, தனுக்கிகள் முதலில் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கின்றன. குன்றே மறைவதைக் கண்ட பிறகுதான் ஒன்றுபடுகின்றன. மறந்துபோன உருமாறும் வித்தையை மீண்டும் பயில்கின்றன. வேலைத்தளத்தில் அவை உண்டாக்கும் விபத்தில் மனிதர்கள் இறக்கிறார்கள். ஆயினும் வேலை நிற்கவில்லை. ஓரிரவு பேய்களாகவும் பூதங்களாகவும் உருமாறிக் குடியிருப்பின் நடுவே ஊர்வலம் போகின்றன. ஆனால் கேளிக்கைப் பூங்கா முதலாளி ஒருவர், அது தம்முடைய விளம்பரம்தான் என்று அறிவித்துவிடுகிறார்!

முடிவில், உருமாறத் தெரிந்தவை மனித வேடத்தில் நெரிசல் மிகுந்த ரயிலேறி வேலைக்குப் போகின்றன. தெரியாதவை எஞ்சிய மரங்களுக்கு இடையிலும், கோல்ஃப் திடலின் ஓரத்திலும் ஒதுங்கி வாழ்கின்றன. கடைசியில் ஒரு தனுக்கி நம்மைப் பார்த்துக் கேட்கிறது: நாங்களாவது வேடம் போடுவோம், முயல்களால் முடியுமா?

இப்படம் அவ்வாண்டு ஜப்பானிய மொழிப் படங்களில் முதலிடம் பிடித்து வசூல் செய்தது. அதைப் பார்க்க வந்தவர்களில், அத்தகைய குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களைப் படம் கொடியவர்களாகக் காட்டவில்லை. பிள்ளைகளைத் தூங்கவைக்க ஓர் அறை தேடியவர்கள்தாமே அவர்கள்! அவர்கள் தேவை நியாயமானது; அதற்காக இழந்தவர்களின் துன்பமும் உண்மையானது. இரண்டையும் ஒருங்கே வைத்துக் காட்டியதே இப்படத்தின் பெருமை.

நேயர்களே, இது நமக்குப் புரியாத கதையா? காடாக இருந்த நிலத்தில் நம் முன்னோர் ரப்பர் நட்டார்கள். பின்னாளில் அதே தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட, லயத்தை விட்டுப் பெட்டி படுக்கையோடு வெளியேறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இடத்தை எடுத்துக்கொண்டவர் மனமும் நமக்குத் தெரியும். இழந்தவர் மனமும் நமக்குத் தெரியும்.

தமா புதுநகர் இன்றும் இருக்கிறது. முதலில் குடியேறிய பகுதிகளில் முதியோர் பெருகிவிட்டனர். பிள்ளைகள் குறைந்து சில பள்ளிகள் மூடப்பட்டன. தனுக்கிகளும் அழிந்துவிடவில்லை. தோக்கியோவின் நடுவே, அரண்மனைச் சோலையிலேயே அவை வாழ்கின்றன. அவற்றின் எச்சத்தை ஆராய்ந்து, அவை உண்பது என்ன என்று 2008இல் கட்டுரை வெளியிட்டவர்களுள் ஒருவர், அப்போதைய மாமன்னர் அக்கிஹித்தோ! மரங்களை விட்டுவைத்த இடத்தில் பிராணிகளும் பிழைத்தன என்பதற்கு இது சான்று.

படங்களால் மரத்தைக் காக்க முடியுமா? தோக்கியோவின் வடமேற்கில் சயாமா குன்றுகள் உள்ளன. 1988இல் வெளிவந்த 'தொத்தோரோ' என்ற சித்திரப் படத்தின் பெயரால், 1990இல் அங்கு ஒரு நிதி தொடங்கப்பட்டது. பொதுமக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு 1991இல் முதல் தோப்பை வாங்கினார்கள். சிறு துண்டு நிலம்தான். ஆயினும் முயற்சி நிற்கவில்லை; இன்று அவ்வாறு காக்கப்படும் தோப்புகள் 50க்கும் மேல்.

வீடு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் திட்டம் தீட்டும்போதே ஒரு தோப்பையும் ஓர் ஓடையையும் ஒதுக்கிவைப்பது எளிது. வெட்டிச் சமமாக்கிய குன்றை மீண்டும் எழுப்ப யாராலும் இயலாது. பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்படத்தைப் பாருங்கள். முடிந்ததும் அந்தத் தனுக்கி கேட்ட கேள்விக்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.