தமிழில் சுருக்க நூல்கள்

சுருக்க நூல் என்பது, விரிந்து கிடக்கும் ஒரு சாஸ்திரத்தையோ சரித்திரத்தையோ, முன்பே முறையாகக் கற்றுத் தெளிந்ததை நினைவில் நிறுத்திக்கொள்ள விழைவார்க்கும், அதனை முழுமையாகக் கற்பதற்குரிய காலமும் வசதியும் வாய்க்காதவர்க்கும் பயன்படுமாறு, அளவிற் குறைத்து முறைப்படுத்தி இயற்றப்படும் நூலாகும். இவ்விரு திறத்தாரையும் ஒருங்கே வைத்துக் கூறுவது வழக்கமாயினும் அவர்களுடைய தேவை ஒன்றன்று. முன்னவருக்கென்று யாக்கப்பட்ட ஒரு நூல்வகை, அச்சுப்பொறியும் பரீட்சைகளும் வந்தபின், பின்னவருடைய கைக்கு மாறியதே தமிழ்ச் சுருக்க நூல்களின் வரலாறு எனலாம்.

முன்னோர் இதனைத் தாழ்ந்த தொழிலாகக் கருதினாரல்லர். தொல்காப்பிய மரபியல், முதல்நூலின் வழியே தோன்றும் நூல்களை வகுத்துரைக்குமிடத்து, தொகுத்தலை விரித்தலுக்கும் மொழிபெயர்த்தலுக்கும் நிகரான ஒரு முறையாக வைத்து எண்ணுகின்றது. நன்னூலின் பொதுப்பாயிரமோ, நூலுக்குரிய அழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலை முதலில் நிறுத்தி, குற்றம் பத்தனுள் குன்றக் கூறலையும் முதலிலேயே நிறுத்துகின்றது. சுருக்குவோன் எவ்வளவு குறுகிய வரப்பின்மீது நடக்கவேண்டியவன் என்பதை அந்நூலாசிரியராகிய பவணந்தியார் நன்கு அறிந்திருந்தார் போலும்.

இம்மரபின் மிகச் செழித்த உதாரணத்தைத் தேடுவோர் தொண்டைநாட்டைவிட்டு வெளியே செல்லவேண்டுவதில்லை. சென்னையை அடுத்த வண்டலூருக்கு வடக்கே, தாம்பரத்தைக் கடந்து சில கல் தொலைவிலுள்ள குன்றத்தூர், அநபாயச் சோழனுடைய அமைச்சராய் விளங்கிப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அவதரித்த ஊராகும். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பாற் கொண்ட பேரன்பினால் அதே பெயரில் அவர் எழுப்பிய கோயில் இன்றும் அவ்வூரில் வழிபாட்டில் இருக்கின்றது. சேக்கிழார் பாடிய சரித்திரம் திடீரெனத் தோன்றியதன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் அடியார்களை வணங்கிப் பாடிய திருத்தொண்டத்தொகை 11 பாடல்களே உடையது. அதில் அடியார் பலர் பெயரளவிலும், ஒரோர் அடைமொழியளவிலும் நிற்கின்றனர். நம்பியாண்டார் நம்பி அதனை ஏறக்குறைய தொண்ணூறு பாடல்கொண்ட திருவந்தாதியாக வகைப்படுத்தினார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் அவ்விரண்டையும் அடியாகக் கொண்டு, 63 தனியடியாரும் 9 தொகையடியாரும் அடங்க, நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் விரித்துரைத்தார். தொகை, வகை, விரி என்று சைவர்கள் இம்மூன்றையும் வழங்குவது இதுபற்றியே.

சுருக்கமே முன்னும் விரிவு பின்னுமாக இங்கே முறை மாறி நிற்பது கருதத்தக்கது. அதனினும் கருதத்தக்கது, விரிநூல் தன் மூலமாகிய தொகைநூலை விட்டுவிடாமல் தனக்கு எலும்புக்கூடாக வைத்துக்கொண்டமையாம். பெரியபுராணத்தின் 13 சருக்கங்களுள், முதலிலுள்ள திருமலைச் சருக்கமும் இறுதியிலுள்ள வெள்ளானைச் சருக்கமும் நீங்கலாக, எஞ்சிய 11 சருக்கங்களும் சுந்தரர் பாடல்கள் பதினொன்றின் தொடக்கச் சொற்களையே பெயராகத் தாங்கியுள்ளன. ஆகவே திருத்தொண்டத்தொகையை மனப்பாடம் செய்தவன் பெரியபுராணத்தின் பொருளடக்கத்தையும் கூடவே மனப்பாடம் செய்தவனாகின்றான். பின்னர், 14ஆம் நூற்றாண்டில் தில்லையில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், விரிந்த இச்சரித்திரத்தை மீண்டும் ஒடுக்கி, நாயனார் ஒருவர்க்கு ஒரு பாடல் என்னும் அளவில் திருத்தொண்டர் புராண சாரத்தை இயற்றினார். கண்ணப்பர் கதையைச் சேக்கிழார் வாயிலாகக் கேட்டு உருகியவனுக்கு அவ்வொரு பாடல் முழுக்கதையையும் மீட்டுக் கொடுக்கும். கேளாதவனுக்கு அது ஒரு செய்தியை மட்டுமே அறிவிக்கும். பழைய சுருக்க நூல்களின் இயல்பு முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றது.

இலக்கண நூல்களிலும் இவ்வியல்பே காணப்படும். அமிதசாகரர் யாப்பிலக்கணத்தை யாப்பருங்கலமாகச் சூத்திரத்தில் இயற்றியபின், அதனையே கற்போர் எளிதிற் கொள்ளும்பொருட்டு, ஒரு பெண்ணை முன்னிறுத்திச் சொல்லும் கட்டளைக் கலித்துறைகளால் யாப்பருங்கலக் காரிகையாக அமைத்தார். நீடூர்ச் சிவாலயத்துக் கல்வெட்டொன்று அம்முனிவரைச் சயங்கொண்ட சோழமண்டலத்துச் சிறுகுன்ற நாட்டில் இருத்திக் காரிகையைச் செய்வித்த செய்தியைத் தெரிவிக்கின்றது. வண்டலூரும் அதன் சுற்றுப்புறமும் உள்ளிட்ட தொண்டைநாட்டுக்கே சோழர் ஆட்சியில் சயங்கொண்ட சோழமண்டலம் என்னும் பெயர் வழங்கியது. காரிகையில் முதல்நினைப்பு என்றொரு பகுதி உண்டு: இலக்கணத்துக்கு உதாரணமாகக் காட்டவேண்டிய செய்யுட்களை எடுத்தெழுதாமல், அவற்றின் முதற்சொற்களை மட்டும் நிரலே கோத்து ஒரு பாட்டாகச் செய்திருப்பர். அச்செய்யுட்களை ஆசிரியன்பால் முன்பே பாடங்கேட்டுக் கொண்டவனுக்கே அப்பாட்டு உதவும். ஏனையோருக்கு அது தொடர்பற்ற சொற்கோவையாகவே தோன்றும்.

மயிலாப்பூரில் எழுந்தருளியிருந்த நேமிநாத தீர்த்தங்கரர் பெயரால் குணவீர பண்டிதர் செய்த நேமிநாதம், எழுத்தும் சொல்லும் ஆகிய இரண்டு இலக்கணங்களையும் ஏறத்தாழ நூறு வெண்பாக்களில் அடக்கியமையால் சின்னூல் என்றே பெயர் பெற்றது. 13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் வேண்டுகோளின்படி எழுந்த நன்னூலோ, தொல்காப்பியத்தின் முதல் இரண்டு அதிகாரங்களிலுள்ள தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சூத்திரங்களின் பொருளை, பாயிரம் உட்பட 462 சூத்திரங்களில் தந்தது. அதனோடு அமையாமல், பகுபத உறுப்புக்களை வகுத்துரைக்கும் பதவியலைப் புதிதாகவும் சேர்த்தது. சுருக்கிய நூல் மூலத்தில் இல்லாததையும் தரத் தொடங்கினமையாலேயே, பள்ளிக்கூடங்களில் அது மூலத்தின் இடத்தையே கைப்பற்றிக்கொண்டது.

சுருக்குந்தொழில் தமிழுக்கே உரியதன்று: இங்கிலாந்திலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சுருக்க நூல்கள் பெருகின. சட்டம் பயில்வோர்க்கு ஃபிட்ஸ்ஹெர்பர்ட் தொகுத்த வழக்குத்தீர்ப்புச் சுருக்கமும், பொதுமக்களுக்கு ஜான் ஸ்டோ 1565இல் வெளியிட்ட ஆங்கில நாட்டு வரலாற்றுச் சுருக்கமும், சமயப்பற்றுடையார்க்கு ஜான் ஃபாக்ஸின் பெருநூலைத் திமொத்தி பிரைட் 1589இல் குறுக்கியளித்த பதிப்பும் அவற்றுட் சில. பிரெஞ்சு அறிஞரான பீட்டர் ராமஸ், எந்தச் சாஸ்திரத்தையும் பொதுவிலிருந்து சிறப்புக்கு இறங்கி, பெரும்பாலும் இவ்விரண்டாகப் பகுத்து, கிளைவிடும் அட்டவணையாகக் காட்டிவிடலாம் என்று கண்ட முறை 1574இல் ஆங்கிலத்திற் புகுந்தது. நம்முடைய தொகை, வகை, விரி என்னும் பாகுபாட்டோடு இது ஒருபுடை ஒத்ததாயினும், ராமஸின் அட்டவணை கண்ணுக்காகவும் நம்முடையது செவிக்காகவும் செய்யப்பட்டவை. சரித்திரச் சுருக்கங்கள் சிறந்த நூல்களை அரித்துக் கெடுப்பன என்று 1605இல் பிரான்சிஸ் பேக்கன் கடிந்தெழுதினார். அச்சுப்பிரதிகளாய் மூலமும் சுருக்கமும் ஒரே கடையில் விற்கப்பட்டு, சுருக்கத்தை வாங்கியவன் மூலத்தை வாங்காமற்போன நிலையில் அக்கோபம் நியாயமானதே.

அதே காலத்தில்தான் தமிழும் அச்சேறியது. ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், 16 பக்கங்களுக்குள் கிறிஸ்தவ சமய சாரத்தைப் போர்த்துக்கீசிய மூலத்தினின்று தமிழிற் பெயர்த்துரைப்பது. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த கிரீசித்தியானி வணக்கம் அதனினும் விரிவான வினாவிடை நூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைக்கும் முதற் புத்தகமே ஒரு சுருக்க நூலாக அமைந்தது தற்செயலன்று: புதிதாய்ச் சமயம் புகுந்தோர் பலர், போதிப்போர் சிலர் என்னும் நிலையில், ஆசிரியன் செய்யவேண்டியதைப் புத்தகமே செய்யவேண்டியிருந்தது.

இதன் பின்னே வந்தது கல்விச்சாலைத் தேவை. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குத் தேசபாஷைகள் கற்பிக்க 1812இல் சென்னையில் நிறுவப்பட்ட கோட்டைக் கல்லூரியில், தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள், நன்னூற் சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் பழக்கமில்லாத மாணாக்கர்களுக்கு வசனத்தில் இலக்கணம் உரைக்கவேண்டியவர்களாயினர். திருத்தணிகை விசாகப்பெருமாளையருடைய இலக்கணச் சுருக்க வினாவிடை இத்தேவையின் விளைவாகும். ஜி. யு. போப்பின் இலக்கண வினாவிடைகளும் இவ்வகையின.

இத்துறையை நிலைபெறச் செய்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் அச்சிட்ட நாவலர், பாதிரிமாருடைய கருவியையே எடுத்து அவர்களுக்கு எதிராகப் பிரயோகித்தார். 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம், குன்றத்தூர்ச் சேக்கிழாரின் விருத்தங்களைப் பாடங்கேட்க வழியில்லாதாரும் தாமே வாசித்து உணரும்படி செய்தது. அவருடைய இலக்கணச் சுருக்கமோ, நன்னூலை எண்ணிட்ட சிறுசிறு பத்திகளாக வசனத்தில் தந்து, பகுதிதோறும் இறுதியில் பரீட்சை வினாக்களையும் சேர்த்துக்கொண்டது. சூத்திரம் போயிற்று, முதல்நினைப்பும் வேண்டாததாயிற்று, ஆசிரியன் கேட்கவேண்டிய கேள்வியையும் புத்தகமே கேட்டுவிட்டது. நாவலர் நடையிலே குன்றக் கூறலைக் காண்பது அரிதாகையால், இம்மாற்றத்தின் நஷ்டம் அவர் காலத்தில் எவர்க்கும் புலப்படவில்லை.

கல்லூரிகளில் இதற்கு நேர்மாறான ஒரு முயற்சியும் நிகழ்ந்தது. 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரி, சென்னை நகரின் நடுவே இருந்த நாளில், அங்கே 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராயிருந்து பின் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள், 103 அடிகளேயுடைய முல்லைப்பாட்டுக்குத் தனியொரு புத்தகமளவிற்கு ஆராய்ச்சியுரை வரைந்தார். சிறிய பாட்டைப் பெரிதாக விரித்துக் கற்பித்த அம்முறை, அவரை ஆசிரியராகப் பெற்றோருக்கு வாய்த்தது. ஏனைய மாணவர் பலருக்கு, சிறிது காலத்துக்குப் பின், திருச்சிராப்பள்ளி ஐயம்பெருமாள் கோனார் எழுதிப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் உரையே துணையாயிற்று. செய்யுளுக்குப் பதவுரையும் பொழிப்பும் வினாவுக்கு விடையும் தரும் அவ்வுரையைப் புலவர்கள் இகழ்ந்ததுண்டு; ஆயினும் வண்டலூரிலோ மாம்பாக்கத்திலோ பிறந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்புத் தமிழை எதிர்கொண்ட பிள்ளைக்கு, வீட்டில் இருந்த ஒரே தமிழாசிரியர் அந்தப் புத்தகம்தான். உமாபதி சிவாசாரியாருடைய சாரம் சேக்கிழாரைக் கேட்டவனைத் தேடி எழுதப்பட்டது. கோனார் உரை எவரையும் கேளாதவனைத் தேடி எழுதப்பட்டது.