பழைய சட்டகத்தின் விலை

பழைய துவிச்சக்கர வண்டியொன்றின் உருக்குச் சட்டகம் கைமாறுவது வரலாற்றுக் கட்டுரைக்குரிய பொருளாகுமா எனச் சிலர் வினவக்கூடும். அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளுமே வரலாறு எனக் கற்பிக்கப்பட்டோருக்கு இவ்வினா இயல்பானதே. ஆயினும், உழைக்கும் மனிதன் தனக்கெனச் சொந்தமாக்கிக்கொண்ட இயந்திரங்களுள் துவிச்சக்கர வண்டி முதன்மையானது. அதனைப் பெரும்பாலும் அவன் இன்னொருவனிடமிருந்து பழையதாகவே பெற்றான். இவ்விரண்டையும் நினைவிற் கொள்வோமாயின், அது கைமாறிய கதை நமக்கு அற்பமானதாகத் தோன்றாது.

அண்மைக் காலத்தில் இச்சட்டகங்களுக்குப் புதியதொரு சந்தை தோன்றியுள்ளது. இத்தாலியின் தொஸ்கானாப் பகுதியில் 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எறோயிக்கா என்னும் சைக்கிள் விழா, 1987ஆம் ஆண்டிற்கு முந்திய வண்டிகளுக்கே இடமளிப்பது. இத்தகைய விழாக்கள் பெருகவே, கொட்டில்களிற் கிடந்த உருக்குச் சட்டகங்கள் தேடுவாரற்ற நிலை நீங்கித் தேடப்படும் பொருளாயின. அவற்றை வாங்குவோரும் மாற்றுவோரும் முதலில் எழுப்பும் வினா ஒன்றுண்டு: இது அசலா? சட்டகத்து இலக்கம் அசலா, வர்ணம் அசலா, பெயர்ப்பட்டயம் அசலா என அவ்வினா விரியும். இந்த 'அசல்' என்ற சொல்லினுள் எதனை ஏற்கின்றனர், எதனைத் தள்ளுகின்றனர் என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

சைக்கிளின் உறுப்புகளுட் சங்கிலி தேயும், டயர் வெடிக்கும், றிம் நெளியும், இருக்கை கிழியும். எஞ்சுவது சட்டகம். மற்றெல்லா உறுப்புகளும் பன்முறை மாறிய பின்னரும், "இது எங்கட ஐயாவின்ர சைக்கிள்" என்று ஒருவன் சொல்வானாயின் அவன் சட்டகத்தையே கருதுகிறான். உருக்குக் குழாய்களைப் பொருத்துக்குழல்களிற் செருகி, சூடேற்றி, உருகிய பித்தளையை இடுக்குகளிற் பாயவிட்டு இணைப்பதே பழைய முறை. இவ்வாறு இணைத்ததை மீண்டும் சூடேற்றிப் பிரித்துச் செப்பனிடலாம். முறியுமுன் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும் உலோகம் அது. ஒரு பட்டறையும் ஒரு கம்மியனும் உள்ள ஊரெங்கும் அதற்கு மறுபிறவி உண்டு. பல கைகள் மாறியும் அது நிலைத்தமைக்கு அடிப்படைக் காரணம் இதுவேயாகும்.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் ஆணி செய்து வந்த றெயினோல்ட்ஸ் குடும்பத்தினர், நுனிகளிற் சுவர் தடித்தும் நடுவில் மெலிந்தும் அமைந்த குழாய்க்கு 1897இல் காப்புரிமை பெற்றனர். மூட்டுகளிலேயே பலம் வேண்டும், இடையில் உலோகம் வீண் சுமை என்பது அதன் தத்துவம். மங்கனீசும் மொலிப்தீனமும் கலந்த '531' என்னும் அவர்களது உருக்குக் குழாய் 1935இல் வந்தது. இன்றைய சந்தையில் மதிப்புப் பெறுவது பெரும்பாலும் இத்தகைய இலேசான சட்டகமே. வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதனை வாங்கிய பிரித்தானியத் தொழிலாளரும் உளர். ஆனால் ஆலைக்குச் செல்லும் பெருந்திரளுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் வந்தவை சாதாரண உருக்காலான, கம்பிப் பிரேக் பூட்டிய, ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறையுடைய கனத்த வண்டிகளே.

அப்பெருந்திரளின் கைக்கு வண்டி வந்த விதம் கவனத்திற்குரியது. 1885இல் கொவென்றியில் ஸ்ராளி செய்த 'றோவர்' வண்டியும், 1888இல் டன்லொப் பெல்பாஸ்ரில் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரும் சைக்கிளை எவரும் ஏறக்கூடிய வாகனமாக்கின. ஏறக்கூடியதாயிற்றேயன்றி எவரும் வாங்கக்கூடியதாகவில்லை. 1896இல் சைக்கிட் கம்பனிப் பங்குகளின் மேல் இலண்டன் பணச் சந்தை வெறி கொண்டலைந்தது. ஹூலி என்பார் டயர்க் கம்பனியை 30 இலட்சம் பவுணுக்கு வாங்கி, ஒரு குழாயையேனும் தொட்டறியாமல், 50 இலட்சம் பவுணுக்குச் சந்தையில் விட்டார். அடுத்த ஆண்டே குமிழி உடைந்தது. விலைகள் சரிந்தன. கனவான்களுக்குச் சைக்கிள் மோகம் தணிந்து, அவர்கள் கழித்த வண்டிகள் எழுதுவினைஞரிடமும் ஆலைத் தொழிலாளரிடமும் வந்து சேர்ந்தன.

அவ்வண்டிகளைக் கொண்டு தொழிலாளர் செய்தது யாது? 1894இல் பேர்மிங்ஹாமில், பிளாச்போட் நடத்திய 'கிளாரியன்' என்னும் சமவுடைமை வார இதழின் வாசகர் சிலர் கூடிச் சைக்கிட் கழகமொன்றை அமைத்தனர். வாரமுழுதும் ஆலையில் உழைத்தவர்கள் ஓய்வு நாளில் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் சுமந்து கிராமங்களுக்கு மிதித்துச் சென்றனர். (பிளாச்போட் பின்னாளிற் போர் ஆதரவாளராகியமை வேறு கதை.) புகைவண்டி செல்லாத ஊருக்கும் கருத்துச் செல்லக்கூடும் என்பதை அவர்தம் கால்கள் நிறுவின.

சட்டகம் கைமாறுவதில் விருப்பம் எவ்வளவு, நிர்ப்பந்தம் எவ்வளவு என்பதற்கு 1948இல் டி சிக்கா உருவாக்கிய 'சைக்கிள் திருடர்' என்னும் இத்தாலியத் திரைப்படத்தினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. போருக்குப் பிந்திய உறோமாபுரியிற் சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் இன்றியமையாதது. றிச்சியின் சைக்கிளோ அடைவு கடையில். மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடைவு வைத்து அதனை மீட்கிறாள். வேலையின் முதல் நாளிலேயே அது திருட்டுப் போகிறது. பழைய பொருட் சந்தையில் அவர்கள் சைக்கிளைத் தேடவில்லை. டயர் ஒருவர், மணி ஒருவர், சட்டகம் ஒருவர் என உறுப்புறுப்பாகத் தேடுகின்றனர். ஒருவன் ஒரு சட்டகத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறான். காவலரை அழைத்து இலக்கத்தைப் பார்க்கின்றனர், பொருந்தவில்லை. இன்று சேகரிப்போர் சட்டகத்தைத் தலைகீழாக்கி இலக்கம் தேடுகையில், அதே இலக்கத்தை ஒரு குடும்பம் சோற்றுக்காகத் தேடிய அக்காட்சி எமக்கு நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இனி, எமது நாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் காலத்தில் இலங்கைக்கு வந்த றலி, கம்பர், றட்ஜ் முதலிய வண்டிகள் இன்றும் யாழ்ப்பாணத்து வீடுகளிற் காணக்கூடியவை. "றலி திறமோ, கம்பர் திறமோ" என்று திண்ணைகளில் வாதிட்டோர் பலர். கம்பர் சைக்கிட் பெயரை 1932இலும் றட்ஜை 1943இலும் றலிக் கம்பனியே விழுங்கிவிட்டது என்பதையும், தாம் பிரித்துப் பேசிய வண்டிகள் பல நொட்டிங்ஹாமில் ஒரே உடைமையாளரின் பிள்ளைகள் என்பதையும் அவர்கள் அறிந்திலர். அந்த ஆலையின் கடைசல் இயந்திரத்தில் நின்றவருள் ஒருவர் அலன் சிலிற்றோ. துண்டுக்கூலிக்கு உழைக்கும் சைக்கிள் ஆலைத் தொழிலாளியொருவனை நாயகனாக்கி அவர் எழுதிய நாவல் 1958இல் வெளிவந்தது. வண்டியின் பெயரை நாம் நெஞ்சிற் பொறித்தோம். அதைச் செய்தவனின் முகத்தை ஒரு நாவலின் மூலமே காண முடிந்தது. அவ்வாலையின் உற்பத்தி 2002இல் முடிவுற்றது. நிலத்தின் ஒரு பகுதியிற் பல்கலைக்கழக வளாகமொன்று நிற்கின்றது.

1970 தொட்டு 1977 வரை இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டபோது பழைய சட்டகங்களின் ஆயுள் நீண்டது. பின் 1990இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்கு எரிபொருளும் மின்சாரமும் அற்றுப்போன ஆண்டுகளில் அவையே யாழ்ப்பாணத்தின் போக்குவரத்தாயின. நோயாளியைக் கரியரில் இருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும், நிறுத்திய வண்டியின் பெடலைச் சுழற்றி டைனமோவில் வானொலி கேட்டதும் அக்காலத்தவர் அறிந்தவை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் புறப்பட்டபோது, பலரது வீட்டில் எஞ்சியதெல்லாம் ஒரு சைக்கிளின் பாரிலும் கரியரிலும் கட்டப்பட்டிருந்தன. இருபத்தேழு ஆண்டுகளின் பின், 2022இல் எரிபொருள் இன்றி நாடே திணறிய வேளை, கொழும்பு நகரத்தாரும் சைக்கிளைத் தேடினர், விலை ஏறியது.

இச்சட்டகங்களிற் பல, வந்தபடியே இருக்கவில்லை. மீன் வியாபாரி பெட்டி தாங்கப் பின்புறத்தில் இரும்புக் கோலைக் காய்ச்சி ஒட்டினான். விறகு ஏற்றியவன் முன்கவைக்கு முண்டு கொடுத்தான். மேற்குழாயில் ஒரு சிறு பலகை இருக்கை பூட்டப்பட்டது; அதில் இருந்து பள்ளி சென்ற பிள்ளை இன்று கடல் கடந்து வாழலாம். இந்த உழைப்பை உள்ளூராட்சியும் அறிந்தே இருந்தது. எமது பிரதேச சபைகளின் வாகன வரி அறிவித்தல்களைப் படிப்போர், வியாபாரத்துக்குப் பயன்படும் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 18 ரூபாவும் மற்றதற்கு 4 ரூபாவும் விதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உலாப் போகும் வண்டியினும் உழைக்கும் வண்டி நான்கு மடங்குக்கு மேல் இறுக்க வேண்டும் என்பது விதி!

இப்போது அச்சட்டகம் சந்தைக்கு வருகிறது. ஒட்டிய கோலும் முண்டும் துளையும் அசலுக்கு மாறானவை என விலை குறைக்கப்படுகின்றது. நொட்டிங்ஹாமில் வர்ணம் பூசப்பட்ட நாளே அதன் மெய்யான நாள். அதன்பின் அரை நூற்றாண்டு அது சுமந்ததெல்லாம் பழுது என்பதே இக்கணக்கின் பொருள். சேகரிப்போரை நாம் பழிக்கவில்லை. அவர்கள் இல்லையேற் பல சட்டகங்கள் பழைய இரும்பாக உருகியிருக்கும் என்பது உண்மை. ஆனால் உழைப்பின் தழும்பைச் சுரண்டி எடுத்த பின்னரே ஒரு பொருள் வரலாற்றுப் பொருளாகும் எனக் கொள்வதை எம்மால் ஏற்க இயலாது. மேலும், தேவையின் நெருக்கடியால் இரும்பு விலைக்கு அதைக் கொடுத்தவனுக்கு அந்த ஏறிய விலையில் ஒரு சதமும் சேர்வதில்லை.

யாழ்ப்பாணத்துச் சைக்கிட் கடையொன்றில் இத்தகைய றலிச் சட்டகம் ஒன்றை நாம் கண்டோம். புதிய சட்டகம் ஒன்றுக்கு மாற்றாக, மேலதிகமாகச் சிறு தொகையும் கொடுத்து, முதியவரொருவர் அதனை விட்டுச் சென்றிருந்தார். பின்புறத்தில் மீன்பெட்டிக்கென ஒட்டிய இரு கோல்கள். உப்பு நீர் பட்ட இடமெல்லாம் துரு. "வெளிநாட்டிலயிருந்து வாற ஒருத்தர் கேட்டிருக்கிறார், இதுகளை அராவி எடுத்துத் தரச் சொன்னவர்" என்றார் கடைக்காரர். ஒரு கோல் முன்னரே அராவப்பட்டு நிலத்திற் கிடந்தது.