பொட்டிப்புரம் கோப்புகளைப் பிடித்திருந்தது யார்?

தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரம் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு மறுபடி அனுமதி தந்தது. மலையும் அதேதான், திட்டமும் அதேதான். இடையில் எது மாறியது என்பதைப் பேச்சில் அல்ல, காகிதத்தில் காட்ட வேண்டும் என்று தேடத் தொடங்கினேன்.

அனுமதிக் கடிதங்கள், தீர்ப்பாய உத்தரவுகள், அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தது ஒரு கல்லூரி நூலகம். வட்டில் எழுதி வைத்திருந்ததைப் பிற்பாடு ஐஎஸ்ஓ படிமக் கோப்பாக மாற்றி, லினக்ஸ் சர்வரில் மவுண்ட் செய்திருந்தார்கள். அந்த அடைவின் மேல் எல்எஸ் கட்டளை கொடுத்தேன். பதிலே வரவில்லை. டிஎஃப் கொடுத்தால் அதுவும் நின்றுபோனது. கண்ட்ரோல்-சி அழுத்தியும் அசையவில்லை. நின்றுபோன நிரலைக் கில் மைனஸ் நைன் போட்டுக் கொல்லப் பார்த்தேன், அதற்கும் அசைவில்லை.

யூனிக்ஸ் தெரிந்தவர்களுக்கு இது ஒரு தடயம். பிஎஸ் பட்டியலில் அந்த நிரல்களுக்கு நேரே டி என்ற எழுத்து நின்றது. ஏதோ ஒரு சாதனத்தின் பதிலுக்காகக் கர்னலுக்குள்ளேயே காத்துக் கிடக்கின்றன என்று பொருள். பதில் வரும்வரை எந்தச் சமிக்ஞையும் அவற்றை எட்டாது. ஆகவே கேள்வி, எதன் பதிலுக்காக என்பதுதான்.

சர்வரை ரீபூட் செய்துவிடலாம் என்றார் நூலகர். வேண்டாம் என்றேன். அணையும்போதும் கணினி அதே மவுண்ட்டைக் கழற்றத்தான் முயலும், அங்கேயும் மாட்டிக்கொள்ளலாம். சோம்பல் முறை அன்மவுண்ட் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் மட்டும் பார்வையிலிருந்து மறையும், அடியில் பிடிப்பு அப்படியே இருக்கும். தடயத்தை அழிப்பதற்குத்தான் அது உதவும்.

இப்படிப்பட்ட நேரத்தில் கோப்பு முறையைத் தொடாமல் துப்புத் தேட வேண்டும். டிஎஃப் ஒவ்வொரு மவுண்ட்டாகப் போய்க் கதவைத் தட்டுவதால்தான் மாட்டிக்கொள்கிறது. ப்ராக் அடைவிலுள்ள மவுண்ட்ஸ் கோப்பு அப்படியல்ல, அது கர்னலின் சொந்தக் கணக்கு. அதைத் திறந்ததும் படிமம் லூப் பூஜ்யம் என்ற சாதனத்தின் வழியாக ஏற்றப்பட்டிருப்பது தெரிந்தது. சிஸ் அடைவில் அந்த லூப்புக்கு எந்தக் கோப்பு பின்னணி என்று பார்த்தேன். கோப்பின் பாதை இந்தக் கணினியின் வட்டிலேயே இல்லை! என்எஃப்எஸ் வழியாக வேறொரு சேமிப்புக் கணினியிலிருந்து வந்துகொண்டிருந்தது. டிமெசேஜ் பதிவின் கடைசி வரிகளில் விடை இருந்தது: சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன் என்று கர்னல் எழுதிவைத்திருந்தது. 'ஹார்டு' முறையில் ஏற்றப்பட்ட என்எஃப்எஸ், மறுமுனை வரும்வரை காத்துக்கொண்டேதான் இருக்கும். தரவு பாதியில் சிதையக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது.

சேமிப்புக் கணினி அடுத்த அறையில் இருந்தது. மின்வெட்டுக்குப் பிறகு எழும்பாமல் கிடந்தது. பொத்தானை அழுத்தி அது எழுந்த சற்று நேரத்தில், சர்வர் சரியாகிவிட்டது என்ற வரி டிமெசேஜில் விழுந்தது. உறைந்து கிடந்த எல்எஸ் தன் பட்டியலைக் கொட்டிவிட்டு முடிந்தது.

ஆனாலும் அன்மவுண்ட் கொடுத்தால் 'பிஸி' என்றே வந்தது. இப்போது ஃப்யூசரை நம்பி ஓட்டலாம். அது ஒரு பேஷ் ஷெல்லைக் காட்டி, பக்கத்தில் சி என்ற எழுத்தைப் போட்டது. எந்தக் கோப்பையும் திறக்காமல், அந்த அடைவுக்குள் வெறுமனே நின்றுகொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். யாரோ லாகின் செய்து உள்ளே போய், வெளியேறாமல் விட்ட அமர்வு. அதை மூடியதும் மவுண்ட் கழன்றது. படிமத்தைச் சர்வரின் சொந்த வட்டுக்கு நகலெடுத்தேன். பதினாறாம் செக்டரின் தொடக்கத்தில் சிடி001 என்ற ஐஎஸ்ஓ முத்திரை பழுதில்லாமல் இருந்தது. இரு நகல்களின் செக்சம்மும் ஒத்துப்போன பிறகு, வாசிப்புக்கு மட்டும் என்று மறுபடி ஏற்றினேன்.

பிறகுதான் நான் தேடி வந்த காகிதங்கள் கைக்கு வந்தன.

உத்தமபாளையம் வட்டத்தில், தேவாரத்துக்குப் பக்கத்தில், அம்பரப்பர் கரட்டின் அடியில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்புக் காந்தக் கருவியை வைப்பது திட்டம். தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான சார்னோகைட் பாறை. விண்ணிலிருந்து பொழியும் மியூவான்களில் பெரும்பகுதியை அது தடுத்து, நியூட்ரினோக்களுக்கு வழிவிடும். 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட மரபின் தொடர்ச்சி இது. முதலில் நீலகிரியின் சிங்காராவைத்தான் கேட்டார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் இடைப்படு மண்டலம் என்று 2009இல் மறுக்கப்பட்ட பிறகே தேனிக்கு வந்தார்கள்.

முடிச்சு 2017 உத்தரவில் இருக்கிறது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 4.9 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது என்பதைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பொது நிபந்தனைப்படி, காப்புப் பகுதியோ மாநில எல்லையோ 5 கி.மீ.க்குள் இருந்தால் 'பி' பிரிவுத் திட்டம் 'ஏ' பிரிவாகி ஒன்றிய அளவிலான கடுமையான பரிசீலனைக்குப் போகும். 2006இல் 10 கி.மீ. என்றிருந்த இந்த வரம்பு 2014இல்தான் 5 ஆனது. குறைத்த வரம்புக்குள்ளும் நூறு மீட்டர் வித்தியாசத்தில் திட்டம் விழுந்தது. அறிக்கை தயாரித்த கோவை சாலிம் அலி மையத்துக்கு அதற்குரிய அங்கீகாரம் இல்லை என்பதும் அதே உத்தரவில் வருகிறது.

2018 அனுமதியை அடுத்து வைத்துப் படித்தபோது விடை தெளிந்தது. தூரம் மாறவில்லை, பூங்காவும் நகரவில்லை. சிறப்பு நேர்வு என்று சொல்லி 'பி' பிரிவிலேயே வைத்து அனுமதித்திருந்தார்கள். மாறியது அளவு அல்ல, வகைப்பாடு. ஆய்வகம் வர வேண்டும் என்று விரும்புகிறவன்தான் நான். ஆனாலும் மேய்ச்சல் நிலத்தையும் குடிநீரையும் பற்றிக் கவலைப்பட்ட ஊர்க்காரர்களிடம் இந்த ஒரு விஷயத்தை நேராகச் சொல்லியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

2018 நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்ய மறுத்தது, ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. 2021இல் திட்டத்தைக் கைவிடும்படி முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில், மதிகெட்டான்–பெரியாறு புலி வழித்தடத்தைக் காரணம் காட்டி, அனுமதிக்க முடியாது என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. சிங்காராவில் எழுந்த அதே புலிக் கேள்வி இது. சிங்காராவை மறுத்த 2009ஆம் ஆண்டுக் கடிதம் இந்தப் படிமத்தில் இல்லை. அடுத்து அதைத்தான் தேட வேண்டும்.